நிறுவனர், குறைகள் பிரிவு

ராஜபாளையம் செண்பகம் தபால் விற்பனைக் கம்பெனியை இரண்டு பேர் சேர்ந்து தொடங்கினார்கள். இதைக் கம்பெனியே தன் விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒருவர் வைகுண்டராஜ், நிறுவனர், பொது. இன்னொருவர் சுயம்புலிங்கம் ஆசாரி, நிறுவனர், குறைகள் பிரிவு. பொது நிறுவனருக்கு மாடியில் குளிர்சாதன அறை இருந்தது. குறைகள் நிறுவனருக்குக் கீழே கூடத்தில் ஒரு நாற்காலி இருந்தது.

ஆசாரி அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவர் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாகை மரத்தில் முறுக்கு உரல் செய்துகொண்டிருந்தார். மாவு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பிழிகிறவள் எவ்வளவு மெலிந்தவளாக இருந்தாலும் அந்த உரல் சிக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம் பெண்கள் அவர் வாசலில் வந்து நிற்பார்கள். தபாலாபீசுக்கு எதிரே கவர், பசை, மணியார்டர் பாரம் விற்கிற கடை வைத்திருந்த வைகுண்டராஜ் இந்தக் கூட்டத்தைப் பல வருஷம் பார்த்துவிட்டு ஒருநாள் ஆசாரியிடம் வந்தான்.

“அண்ணாச்சி, மெட்ராசுல இருக்கறவளுக்கு இந்த ஒரல் வேணும்னா என்ன செய்வா?”

“பஸ் ஏறி வரட்டும்.”

“அவ வர வேண்டாம் அண்ணாச்சி. ஒரல் போகட்டும்.”

அப்படித்தான் வியாபாரம் தொடங்கியது. வாரப் பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம். தபால்காரர் உரலைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசை வாங்கி அனுப்புவார். விளம்பரத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று வைகுண்டராஜ் ஆசாரியை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் பிடித்தான். படத்துக்குக் கீழே, ‘பிழிய வரவில்லையா? என்னைக் கேளுங்கள்’ என்று எழுதினான்.

“கேக்கட்டுமே” என்றார் ஆசாரி. தன் உரல்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

யாரும் கேட்கவில்லை. உரல் கோயம்புத்தூருக்குப் போனது, பம்பாய்க்குப் போனது, அந்தமானுக்குக்கூடப் போனது. அவர் மனைவி ஆவுடையம்மாள் ஒவ்வொன்றையும் வைக்கோல் சுற்றிச் சாக்கில் வைத்துத் தைத்தாள். இடம் போதாமல் ராஜபாளையத்தில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியைப் பிடித்தார்கள். அங்கே போன பிறகு வைகுண்டராஜுக்கு ஒரு யோசனை பிறந்தது. உரலை வாங்குகிறவள் டார்ச் லைட்டும் வாங்குவாள் அல்லவா? டில்லியிலிருந்து டார்ச் லைட் மூட்டையில் வந்து இறங்கியது. அப்புறம் சுவர்க்கடிகாரம், முழங்கால் வலிக்குக் காந்தப்பட்டை, உயரம் கூட்டும் செருப்பு. எல்லா விளம்பரத்திலும் ஆசாரியின் முகமே இருந்தது. அச்சாபீசில் அந்தப் படத்துக்குத்தான் ஏற்கெனவே பிளாக் செய்து வைத்திருந்தார்கள்.

கடைசியில் உரலே பிளாஸ்டிக்கில் வந்தது.

ஆசாரி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “வைகுண்டம், இது ஒரலா?”

“இது ஒரல் இல்ல அண்ணாச்சி. மாடல்” என்றான் வைகுண்டராஜ். “நீங்க ஒரு ஒரல் செய்யுத நேரத்துல மிசினு ஒரு லாரி செய்யுது. நீங்க இனிமே ஒழைக்க வேண்டாம். நிறுவனரா இருங்க.”

கிட்டங்கியில் ஆசாரியின் பட்டறை இருந்த மூலையில் பார்சல் அடுக்கினார்கள். நிறுவனராக இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. தினம் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, மூட்டைமேல் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போனார். அந்த நாட்களில்தான் வைகுண்டராஜை ‘மொதலாளி’ என்று கூப்பிடத் தொடங்கினார். யாரும் அப்படிக் கூப்பிடச் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தீபாவளி முடிந்த மறுவாரம் வ. புதுப்பட்டியிலிருந்து சுடலைமாடத்தி என்ற பெண் வந்தாள். கையில் இரண்டாக உடைந்த பிளாஸ்டிக் உரல்.

“போட்டோவுல இருக்கற ஆளு எங்க?” என்று கேட்டாள்.

மூட்டைமேல் இருந்த ஆசாரி எழுந்து நின்றார்.

“ஏன்யா, ஒம்ம மொகரையப் பாத்துத்தான வாங்குனேன். நல்ல மனுசன் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு இப்படியா ஏமாத்துவ? கொதிக்கிற எண்ணெயில இது ஒடஞ்சு விழுந்துச்சு. எம் புள்ள மேல தெறிச்சிருந்தா நீயா பதில் சொல்லுவ?”

அவள் ரொம்ப நேரம் நிறுத்தாமல் ஏசினாள். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். உரலை நான் செய்யவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முகம் அவருடையதுதானே. “எந் தப்புத்தாம்மா” என்றார். “நம்பி வாங்குனீங்க. எந் தப்புத்தான்.”

சுடலைமாடத்தி பேச்சை நிறுத்தினாள். அவள் வாழ்நாளில் ஒரு ஆண்பிள்ளை அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, விடுங்க. பெரியவரு” என்றாள். போகும்போது அங்கேயே ஒரு டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

இதையெல்லாம் மாடிப்படியில் நின்று வைகுண்டராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் அவரை ‘ர்’ போட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த நிமிஷத்தில்தான் அவர் பெரிய மனிதரானார்.

மதுரையில் நிர்வாகப் படிப்புப் படித்த தனுஷ்கோடி என்பவர் மேனேஜராக வந்தார். கூடத்தில் சுண்ணாம்பு அடித்து, ‘சமாதானக் கூடம்’ என்று பலகை மாட்டினார்கள். திறப்புவிழாவில் தனுஷ்கோடி பேசியதை ஊர் வியாபாரிகள் கை தட்டிக் கேட்டார்கள்.

“மற்ற கம்பெனிகள் கெட்டுப்போன பொருளை மாற்றிக் கொடுக்கிறார்கள். அது பெரிய தவறு. பொருளை மாற்றிவிடலாம். வாடிக்கையாளரின் கோபத்தை என்ன செய்வது? அதை வீட்டுக்கே கொண்டுபோய்விடுகிறார். நாம் கோபத்தை வாங்கிக்கொள்கிறோம். பொருளை அவரிடமே விட்டுவிடுகிறோம். இந்தியாவிலேயே நிறுவனரை நேரில் ஏச வசதி செய்திருக்கும் ஒரே கம்பெனி நம்முடையது.”

ஆசாரிக்கு மாலை போட்டார்கள். எதற்கு என்று அவருக்குச் சரியாகப் புரியவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார்.

நாற்காலி உயரம் அதிகம் என்று முதல் வாரக் கூட்டத்தில் தீர்மானமானது. ஏசுகிறவர் குனிய வேண்டியதில்லை என்றாலும், ஏசப்படுகிறவர் நிமிர்ந்து தெரியக்கூடாது. “பெரியவரே, நீங்கதான் தச்சுவேலை தெரிஞ்சவரு” என்று தனுஷ்கோடி சொன்னார். ஆசாரி ரம்பத்தை எடுத்துவந்து தன் நாற்காலியின் நான்கு கால்களையும் சமமாக அறுத்தார். கம்பெனியில் அவர் செய்த கடைசித் தச்சுவேலை அது. துளி ஆட்டம் இல்லாமல் நின்றது.

அதற்கப்புறம் சட்டை விஷயம் வந்தது. வெள்ளைச் சட்டை வாடிக்கையாளரை எரிச்சலூட்டுகிறது என்றார்கள். காலர் நைந்த ஒரு பழுப்புச் சட்டையைக் கம்பெனியே தைத்துக் கொடுத்தது. நைய வைப்பதற்குத் தையல்காரர் தனியாக வேலை செய்தார். ஆசாரி அழ வேண்டுமா வேண்டாமா என்று ஒரு முழுநாள் கூட்டம் நடந்தது. அழுதால் பெண்களுக்கு இரக்கம் வந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், கோபம் மிச்சமாகிறது என்று ஒரு தரப்பு சொன்னது. கடைசியில் கண் கலங்கலாம், வழியக்கூடாது என்று முடிவானது.

சுவரில் விதிகள் எழுதினார்கள். டோக்கன் வாங்கிவிட்டு ஏச வேண்டும். தாய்வரை ஏசலாம். சாதியைச் சொல்லி ஏசக்கூடாது, ஏனென்றால் எல்லாச் சாதியிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கை நீட்டக்கூடாது. ரப்பர் செருப்பை ஓங்கலாம். அனுப்பிய சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது.

டோக்கன் கொடுக்க கிருபாபாய் என்ற பெண்ணை வைத்தார்கள். நேரில் வர முடியாதவர்கள் தபாலில் ஏசி எழுதுவார்கள் அல்லவா, அதையெல்லாம் சனிக்கிழமைதோறும் ஆசாரிக்கு வாசித்துக் காட்டுவதும் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவள். அதே குரலில், கால்புள்ளி முற்றுப்புள்ளி பார்த்து, “அட நாசமாப் போறவனே” என்று நிறுத்தி வாசிப்பாள். நல்லவள். வாசித்து முடித்ததும் தன் பிளாஸ்கிலிருந்து அவருக்கும் கொஞ்சம் காப்பி ஊற்றுவாள்.

தெலுங்கு பேசுகிற வாடிக்கையாளர்கள் தெலுங்கில் ஏசினார்கள். வசவு முழுதாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமித்தார்கள். ஆசாரிக்குச் சின்ன வயதிலிருந்தே தெலுங்கு தெரியும். அதைச் சொன்னார். விதி என்றால் விதிதான் என்றார்கள். ஆகவே அந்த வசவுகளை அவர் இரண்டு தடவை கேட்டார்.

கூட்டம் பெருகியது. வத்திராயிருப்பு, சிவகாசிப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்தார்கள். காலையில் சமாதானக் கூடம், மத்தியானம் அய்யனார் கோவில் அருவியில் குளியல், கட்டுச்சோறு, சாயங்காலம் ஊருக்கு. ஏசிவிட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை என்பதைத் தனுஷ்கோடி கவனித்தார். குறை உள்ளவரே அதிகம் வாங்குகிறார். அப்படியானால் குறை இல்லாத வாடிக்கையாளர் கம்பெனிக்கு நஷ்டம். டில்லிக்காரரிடம் சொல்லி டார்ச் லைட்டின் சுவிட்சை இன்னும் கொஞ்சம் லேசாக்கினார்கள்.

தென்பகுதி நுகர்வோர் நல்வாழ்வுச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். கூடத்தைப் பார்வையிட வந்தார். இது கொடுமை என்று அவராவது சொல்வார் என்று ஆவுடையம்மாள் ஒரு வாரம் காத்திருந்தாள். அவர் கேடயம் கொடுத்துவிட்டுப் பேசினார்:

“நான் பதவியில் இருந்த காலமெல்லாம் குற்றவாளியைக் கண்டுபிடிக்கவே ஆண்டுகள் போய்விடும். இங்கே குற்றவாளி காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறார். இவர் என்ன குற்றம் செய்தார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரணை என்றால் தாமதம். தாமதம்தான் அநீதி. பொருள் வேலை செய்யுமா என்று மேனேஜரைக் கேட்டேன். செய்யாது என்றார். இவ்வளவு நேர்மையை நான் எந்த நீதிமன்றத்திலும் கண்டதில்லை.”

அன்று வீட்டில் ஆவுடையம்மாள் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்: “நாளைக்குப் போகாதீங்க. அம்புட்டுதான் கேக்கேன்.”

“போட்டோவுல நாந்தான இருக்கேன்” என்றார் ஆசாரி.

“நீங்க செஞ்ச ஒரல் எவகிட்ட ஒடஞ்சுச்சு? அதையாவது சொன்னீங்களா ஒருநாளாவது?”

“அத யாரு கேட்டா” என்றார்.

அவருக்குக் கழுத்து முன்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டிருந்தது. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், பரிபூரணம். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சுந்தரபாண்டியத்தில் மர அறுவை மில் வைத்திருந்த சங்கரலிங்கம் தன் மகனுக்குப் பெண் கேட்டுக் குடும்பத்தோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆசாரியைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம ஆளு. இவுகள நான் ஏசிருக்கேன்” என்று மனைவியிடம் சொன்னார். “அந்தக் கடியாரம் பின்னால ஓடுச்சுல்லா, அதுக்கு. எம்புட்டு ஏசினேன் தெரியுமா, ஒரு வார்த்த எதுத்துப் பேசல. செருப்பத் தூக்கிக்கூடக் காட்டினேன்.” பிறகு ஆசாரி பக்கம் திரும்பி, “இப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணத்தான் நாங்க தேடிக்கிட்டிருந்தோம். பொறுத்துப் போற ரத்தம்” என்றார்.

கதவுக்குப் பின்னால் பரிபூரணம் காப்பித் தட்டோடு நின்றாள். ஆவுடையம்மாள் புருஷனின் காதருகே குனிந்து, “வேணாம்னு சொல்லுங்க. இப்பமே சொல்லுங்க” என்றாள்.

“என்ன ஆசாரி, நாள் பாத்துருவமா?” என்று சங்கரலிங்கம் குரலை உயர்த்திக் கேட்டார்.

குரல் உயர்ந்ததும் ஆசாரியின் தலை இன்னும் தாழ்ந்தது. “எந் தப்புத்தாங்க” என்றார்.

அவருடைய பணிவைக் கண்டு சங்கரலிங்கத்தின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. வெற்றிலை மாற்றினார்கள். கல்யாணத்துக்கு வைகுண்டராஜ் வந்து சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்.

பொறுத்துப் போகிற ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க அந்த வீட்டில் எல்லோருக்கும் ஆசை இருந்தது. குழம்பில் உப்புக் குறைந்தால் மாமியார் ஏசினாள், கூடினால் மாமனார் ஏசினார், சரியாக இருந்தால் புருஷன் எதற்காவது ஏசினான். உங்க அப்பா மாதிரி தலையைக் குனி என்றார்கள். அவள் குனியாமல் நின்ற ஒருநாள், அடுப்பிலிருந்த கரண்டிக் காம்பை மாமியார் அவள் மணிக்கட்டில் வைத்தாள்.

பரிபூரணம் மறுநாள் காலை சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் ஏறினாள். தாய் வீட்டுக்குப் போகாமல், நேரே ராஜபாளையம் போய் இறங்கினாள்.

“குடும்பத்தாளுன்னாலும் டோக்கன் வாங்கணும்மா. மேனேஜர் பாத்துக்கிட்டிருக்காரு” என்றாள் கிருபாபாய் வருத்தத்தோடு. பரிபூரணம் டோக்கன் வாங்கிக்கொண்டு, எரியாத டார்ச் லைட்டோடு இருந்த ஒரு தெலுங்குக்காரருக்குப் பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்தாள். அவர் ஏசுவதைக் கேட்டாள். பிறகு அதையே தமிழில் கேட்டாள். அவள் முறை வந்தது.

ஆசாரி தரையைப் பார்த்துக்கொண்டே, “எந் தப்புத்தாம்மா. நம்பி வாங்குனீங்க” என்றார்.

“நான் எதையும் வாங்கலப்பா” என்றாள் பரிபூரணம். “நீங்கதான் என்னய அனுப்பி வச்சுட்டீங்க.”

ஆசாரி தலையை நிமிர்த்த முயன்றார். கழுத்து வரவில்லை. உடம்பையே பின்னால் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மணிக்கட்டைப் பார்த்தார்.

“பெரியவரே, தலை” என்றார் தனுஷ்கோடி தூரத்திலிருந்து.

“திரும்ப எடுத்துக்கிருவீகளா, மாட்டீகளா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள் மகள்.

அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் கிருபாபாயின் கை, பழக்கத்தில், சுவரில் இருந்த கடைசி விதியைச் சுட்டியது. சுட்டிவிட்டு அவளே கையை இழுத்துக்கொண்டாள்.

ஆசாரி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். நாற்காலி குட்டை என்பதால் எழுந்திருக்க நேரமானது. பழுப்புச் சட்டையைக் கழற்றி நாற்காலிமேல் போட்டார். பனியனோடு, மகளின் தீப்படாத கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

“ஏலே, நாங்க டோக்கன் வாங்கியிருக்கோம்லா” என்று வரிசையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

தனுஷ்கோடி ஒரு நிமிஷம்கூடக் கலங்கவில்லை. வாட்ச்மேன் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டுச் சட்டையை மாட்டி உட்காரவைத்தார். வரிசை நகர்ந்தது. ஆள் மாறியதை யாரும் கேட்கவில்லை. அந்த மாத இறுதியில் பேச்சிமுத்துவுக்குப் பதவி உத்தரவு வந்தது: நிறுவனர், குறைகள் பிரிவு (பொறுப்பு).

சங்கரலிங்கம் விஷயம் தெரிந்து கொதித்துப்போய் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். பெண்ணை முடியைப் பிடித்து இழுத்து வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் ஆசாரியை ஏசுவதென்றால் அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். கால் தானாக ராஜபாளையம் பஸ்ஸில் ஏறியது. கூடத்தில் டோக்கன் வாங்கினார். முறை வந்ததும் நாற்காலியைப் பார்த்துத் திகைத்தார்.

“இது எங்க சம்பந்தி இல்லையே?”

“ஆள் முக்கியமில்லை ஐயா. பதவிதான்” என்றார் தனுஷ்கோடி. “நீங்கள் தாராளமாக ஆரம்பிக்கலாம்.”

சங்கரலிங்கம் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆரம்பித்தார். பெண்ணை வளர்த்த விதம், தாய், தாயின் தாய் என்று தொண்டை கட்டும்வரை ஏசினார். பேச்சிமுத்து கண் கலங்கி, வழியவிடாமல், “எந் தப்புத்தாங்கய்யா” என்றான். காப்பி வந்தது. குடித்துவிட்டுச் சங்கரலிங்கம் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். “நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்துட்டேன்” என்று மனைவியிடம் சொன்னார். அதோடு அந்த வீட்டில் எல்லோருக்கும் திருப்தியாகிவிட்டது. யாரும் பரிபூரணத்தைத் தேடி வரவில்லை.

அவள் தாய் வீட்டில் இருந்தாள். மணிக்கட்டுக்கு ஆவுடையம்மாள் மருந்து போட்டாள். ஆசாரி மறுபடி உளியை எடுப்பார் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவர் உளியை எடுத்து, துடைத்து, திரும்ப வைத்துவிடுவார். பேசுவது குறைவு. சாப்பிடும்போது மகளின் முகத்தைப் பார்க்க உடம்பைப் பின்னால் சாய்ப்பார்.

ஒருநாள் காலையில் பால்காரர் கருத்தையாவை ஆவுடையம்மாள் வாசலில் நிறுத்தினாள். “ஏன்யா கருத்தையா, இது பாலா, அரிசி கழுவுன தண்ணியா? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், நாளுக்கு நாள் இப்படி ஆகிக்கிட்டு வருது.”

கருத்தையா கேனை மூடினார்.

குரல் கேட்டு உள்ளேயிருந்து ஆசாரி வேகமாக வந்தார். இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்து, “எந் தப்புத்தாம்மா” என்றார்.

பரிபூரணம் வந்து அப்பாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கருத்தையா கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். மறுநாள் பாலில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.